நிறுத்தும் வலு

கொட்டாஞ்சேனை,
2025 பெப்ரவரி 9

அன்புள்ள தம்பி ஒஸ்வால்ட்,

போனில் பேசினால் நீ கத்துவாய், நான் வெட்டிவிடுவேன். அம்மாவின் அடக்கம் முடிந்து நீ ஹூஸ்டனுக்குத் திரும்பியதிலிருந்து நம் பேச்செல்லாம் அப்படித்தான் முடிகிறது. எழுத்தில் அந்த வசதி இல்லை. ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் பொறுத்திருக்கத்தான் வேண்டும். அதனால் இந்த மின்னஞ்சல்.

எனக்குக் கைத்துப்பாக்கி வைத்திருக்க அனுமதி கிடைத்துவிட்டது. சிரிக்காதே. என் உயிருக்கு அச்சுறுத்தல் இருக்கிறது என்று பொலிஸ் அறிக்கை போய், அமைச்சு சம்மதித்துத் தந்த அனுமதி.

டில்ஷானியை உனக்குத் தெரியாது. நீ வெளிநாடு போன பிறகு எங்கள் கோயில் பங்குக்கு வந்த குடும்பம். அவளுடைய கணவர் ரொனி துறைமுகத்தில் இரண்டு கொள்கலன் லொறிகள் ஓட்டியவர். கப்பம் கேட்டார்கள், கொடுக்கவில்லை. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மாலை வாசலுக்குக் கூப்பிட்டு மார்பில் இரண்டு முறை சுட்டார்கள். டில்ஷானி அவருடைய தோளுக்கு மேலாகச் சுட்டவனின் முகத்தைப் பார்த்தாள். அவள் மட்டும்தான் பார்த்தாள். அவள் அடையாளம் காட்டியவன் மீது மேல் நீதிமன்றத்தில் விசாரணை அடுத்த மாதம் தொடங்குகிறது. வழக்கை நடத்துவது அரச சட்டத்தரணி. டில்ஷானி சார்பில் நான் ஆஜராகிறேன்.

போன மாதம் புதுக்கடை நீதிமன்றத்துக்கு எதிரே வழக்கமாக நான் தேநீர் குடிக்கும் கடையில், நன்றாக உடுத்திய ஒருவர் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"மிஸ், உங்கட கேட் நீலக் கலர்தானே? பெயின்ட் கொஞ்சம் உரிஞ்சிருக்கு. இந்தக் கேஸ் எல்லாம் விட்டிட்டு வீட்டைப் பாருங்களன்."

"ஓம், ஈஸ்டருக்கு முந்தி அடிக்க இருக்கிறன். பேரைச் சொல்லுங்க, உங்களையே கூப்பிடுறன்" என்றேன்.

அவர் பெயர் சொல்லவில்லை. என் தேநீருக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டுப் போனார். மிரட்டலைவிட அந்தத் தேநீர்தான் என்னை உறுத்தியது.

இனி என் கேள்வி. துப்பாக்கிக் கடைக்காரர் மூன்று காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்கும் 32 பிஸ்டல், குட்டையான 38 ரிவோல்வர், 9 மில்லிமீற்றர் பிஸ்டல். மூன்றுமே நல்லவை என்கிறார். விற்பவர் வேறு என்ன சொல்வார்? நீ இடுப்பில் கட்டிக்கொண்டுதானே மரக்கறி வாங்கவே போகிறாய். ஒரு மனிதனை நிறுத்த எது போதும்?

ஹூஸ்டனுக்கு வாருங்கள் என்ற பதில் வேண்டாம். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்.

அக்கா,
ஐறீன்

ஹூஸ்டன்,
2025 பெப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் என்று சொல்லிவிட்டீர்கள். சாட்சிக் கூண்டில் நிற்பதுபோல இருக்கிறது. சரி, சத்தியம் செய்தாயிற்று.

சினிமாவில் வருவதை முதலில் மறந்துவிடுங்கள். குண்டு பட்டவன் பின்னால் பறந்துபோய் விழுவதெல்லாம் கயிறு கட்டி இழுப்பது. கையில் பிடிக்கும் எந்தத் துப்பாக்கிக்கும் அந்த வலு கிடையாது. இருந்தால் சுடுகிறவரும் பின்னால் பறக்க வேண்டுமே!

இங்கே சனிக்கிழமைகளில் நான் போகும் பயிற்சிக் கூடத்தில் இரண்டு கட்சி உண்டு. 45 என்ற பெரிய பிஸ்டலின் கட்சிக்காரர்கள் பெரிய ரவை, பெரிய ஓட்டை என்பார்கள். 9 கட்சிக்காரர்கள் வேகம், அதிக ரவைகள், குறைந்த உதைப்பு என்பார்கள். நான் 9 கட்சி. இன்றைய ரவைகளை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ரவை உள்ளே தேவையான ஆழம் போக வேண்டும், சரியான இடத்தில் பட வேண்டும், தேவைப்பட்டால் அடுத்ததை உடனே சுட முடிய வேண்டும். இதில் முதலாவதில்தான் 32 தடுமாறும். தடித்த ஜக்கெட் போட்டவன், குறுக்கே கை வைத்தவன் என்றால் ஆழம் போகாது. அதை விடுங்கள்.

38 பழைய சாமான், ஆனால் நல்ல சாமான். இழுத்தால் வெடிக்கும், சிக்காது. ஐந்து ரவைதான். 9 எம்.எம். என்றால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு கொள்ளும், திரும்பத் திரும்பச் சுடலாம். என் தீர்ப்பு 9. மார்பில் இரண்டு ஏறினால் ஆள் கீழே. இதில் சந்தேகமே வேண்டாம்.

எதை வாங்கினாலும் அதைக் கைப்பைக்குள் சீப்பு, சாவி, மாத்திரையோடு போடாதீர்கள். தேவைப்படும் நேரத்தில் கையில் சீப்புத்தான் வரும்.

ஹூஸ்டனுக்கு வாருங்கள் என்று எழுதவில்லை, கவனித்தீர்களா? போன தடவை வாருங்கள் என்று கேட்டதற்கு "ஓடிப்போனவன் கூப்பிட வேண்டாம்" என்றீர்கள். நான் ஓடவில்லை அக்கா. வேலை கிடைத்தது, வந்தேன். அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது, அதுதான் சொன்னேன்.

வாங்கியதும் எழுதுங்கள்.

தம்பி,
ஒஸ்வால்ட்

கொட்டாஞ்சேனை,
2025 மார்ச் 23

அன்புள்ள ஒஸ்வால்ட்,

38 வாங்கினேன்.

கோபப்படாமல் கேள். இங்கே எனக்குப் பழக்குகிறவள் நதீஷா. பொலிஸில் இருந்து விலகி இப்போது பயிற்சி கொடுக்கிறாள். உன் தீர்ப்பை அவளிடம் சொன்னேன். ஒரு 9 எம்.எம்.ஐ என் கையில் தந்து, "மேடம், இதை இழுத்துக் காட்டுங்க" என்றாள். மேல்மூடியைப் பின்னால் இழுக்க வேண்டும். கால் தடுக்கி விழுந்து முறிந்த என் மணிக்கட்டை நீ மறந்துவிட்டாய், நானும் மறந்துவிட்டேன். பாதிக்கு மேல் வரவில்லை. அவளே இழுத்துத் தந்தாள், சுட்டேன். ஒவ்வொரு முறையும் துப்பாக்கியின் மூக்கு வானத்தைப் பார்த்தது. 38உம் உதைக்கத்தான் செய்கிறது, ஆனால் சுட்டதெல்லாம் ஒரு சோற்றுக் கோப்பை அளவுக்குள் விழுந்தது.

"படாத பெரிய குண்டைவிட பட்ட சின்னக் குண்டு பெரிசு மேடம்" என்றாள் நதீஷா. உங்கள் கட்சியில் அவளைச் சேர்த்துக்கொள்வீர்களா?

இனி முக்கியமானது. விசாரணை தொடங்கிவிட்டது, உன் கடிதத்தில் இருந்த ஒரு வரி எதிரித் தரப்பின் வாயிலிருந்து வந்தது.

டில்ஷானியின் வாக்குமூலம் இப்படி. ரொனி வாசலில் நின்றார். சுட்டார்கள். ரொனி கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கதவில் சாய்ந்து உட்கார்ந்தார். அதன் பிறகு எழும்பவில்லை. சுட்டவர்கள் கதவை இரண்டு தரம் உதைத்துவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே அவளும் இரண்டு பிள்ளைகளும்.

குற்றஞ்சாட்டப்பட்ட எதிரிக்காக ஆஜராகும் மூத்த சட்டத்தரணி முதலாவது பொலிஸ் சாட்சியிடம் கேட்டார்: "மார்பில் இரண்டு 9 மில்லிமீற்றர் ரவை. அப்படிப்பட்ட மனிதர் நின்ற இடத்திலேயே விழுவார், அல்லவா?" சாட்சி, "வழமையாக அப்படித்தான்" என்றார். சட்டத்தரணி உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அது போதும்.

அவர் எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். செத்தவர் கதவைப் பூட்டியிருக்க முடியாது. ஆகவே பூட்டியது மனைவி. ஆகவே அவள் குசினி அடுப்படியில் இருந்து சத்தம் கேட்டு ஓடிவந்து பூட்டியவள், முகம் எதையும் பார்க்கவில்லை. ஒன்றில் பொய் சொன்னவள் எல்லாவற்றிலும் பொய் சொல்வாள். தாழ்ப்பாளில் இரத்தம் இருந்ததா என்று பார்க்க வழியில்லை. பொலிஸ் அப்போது அதைக் குறித்து வைக்கவில்லை, சொந்தக்காரர்கள் அடுத்த நாளே வீட்டைக் கழுவிவிட்டார்கள்.

"மார்பில் இரண்டு ஏறினால் ஆள் கீழே. இதில் சந்தேகமே வேண்டாம்." உன் எழுத்து. இப்போது சொல், அது உனக்குத் தெரிந்ததா, பயிற்சிக் கூடத்தில் கேட்டதா?

அக்கா

ஹூஸ்டன்,
2025 மார்ச் 25

அக்கா,

கீழே விழுவான் என்பது சரி. எப்போது விழுவான் என்று நான் எழுதவில்லை. உங்களுக்கு நம்பிக்கை தருவதற்காகத் துண்டுப்பிரசுரம் மாதிரி எழுதினேன். இப்போது ஒழுங்காக எழுதுகிறேன்.

ஒரு மனிதனைக் கைத்துப்பாக்கி மூன்று விதமாக நிறுத்தும். ஒன்று, மூளையிலோ முள்ளந்தண்டிலோ படுவது. அது விளக்கை அணைப்பதுபோல. இரண்டாவது, இரத்தம் இறங்கி இறங்கிச் சோர்வது. அதற்கு நேரம் எடுக்கும். இதயமே கிழிந்தாலும் மூளைக்குள் ஏற்கெனவே போன இரத்தம் இருக்கிறது. பத்துப் பதினைந்து விநாடி அந்த மனிதன் நினைத்ததைச் செய்யலாம். மூன்றாவது, படட்டும் படாமல் போகட்டும், எனக்குப் போதும் என்று அவனே முடிவெடுப்பது. சுடப்பட்டவர்களில் நிறையப் பேர் நிற்பது இந்த மூன்றாவதால்தான். அதனால்தான் எல்லோரும் உடனே விழுகிறார்கள் என்ற எண்ணம்.

நானே பார்த்ததைச் சொல்கிறேன். போன குளிர்காலத்தில் நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போனேன். என் ரவை இதயத்தின் நடுவால் போயிருந்தது. பிறகு திறந்து பார்த்தபோது தெரிந்தது. ஆனால் அந்த மான் வெட்டவெளியைக் கடந்து, கம்பி வேலியைத் தாண்டி, மரங்களுக்குள் போய்த்தான் விழுந்தது. அது ரைபிள் அக்கா. எந்த 9 எம்.எம்.ஐயும் விடப் பல மடங்கு வலு.

ரொனிக்கு இரண்டாவது வழிதான் நடந்தது. மூன்றாவது நடக்கவில்லை. அவர் போதும் என்று முடிவெடுக்கவில்லை.

பிரேதப் பரிசோதனை செய்த சட்ட வைத்திய அதிகாரியிடம், "இந்தக் காயம் எவ்வளவு விரைவில் உயிரைப் பறிக்கும்?" என்று கேட்க விடாதீர்கள். "மிக விரைவில்" என்பார், எதிரித் தரப்புக்கு விருந்து. முள்ளந்தண்டில் பட்டதா, காயத்துக்குப் பிறகு எவ்வளவு நேரம் சுயநினைவோடு அசைய முடியும் என்று கேட்கச் சொல்லுங்கள்.

38 பரவாயில்லை. நதீஷா சொன்னதைப் பயிற்சிக் கூடத்தில் சொன்னேன். 45 கட்சிக்காரர் ஒருவர் எழும்பிப் போய்விட்டார்.

ஒஸ்வால்ட்

கொட்டாஞ்சேனை,
2025 ஜூன் 1

அன்புள்ள ஒஸ்வால்ட்,

சட்ட வைத்திய அதிகாரி சாட்சியம் அளித்தார். நீ பயந்தபடியே எதிரித் தரப்பு அவரிடம் "மிக விரைவில்" என்ற சொல்லை வாங்கியது. மீள் விசாரணையில் அரச சட்டத்தரணி எழுந்தார். நல்ல பெண், வயது குறைவு, குரல் நடுங்காது. நாங்கள் இருவரும் முதல் நாளே கேள்விகளைத் தயார் செய்திருந்தோம்.

"டொக்டர், முள்ளந்தண்டில் காயம் உண்டா?"

"இல்லை."

"தலையில்?"

"இல்லை."

"அப்படியானால் இவர் எவ்வளவு நேரம் அசைந்திருக்கலாம்?"

டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கிட்டத்தட்ட உன் வார்த்தைகளிலேயே சொன்னார். கையைத் தூக்கலாம், நாலைந்து அடி வைக்கலாம், பேசலாம். கதவைச் சாத்தலாமா? சாத்தலாம். தாழ்ப்பாள்? "அவருக்கு அது அவசியமாகப் பட்டிருந்தால், முடியும்."

வெளியே வந்ததும் டில்ஷானி நீதிமன்றத் தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நாலு வருஷமா எல்லாரும் நான் பயத்தில கனவு கண்டதெண்டு சொன்னாங்க மிஸ். என்ட அம்மாவே சொன்னா. இண்டைக்குத்தான் ஒருத்தர் இது நடக்கும் எண்டு சொன்னார்."

அடுத்தது அவளுடைய சாட்சியம், ஜூலையில்.

தோற்பை தைக்கிற ஒருவரிடம் சொல்லி என் பையின் வெளிப்பக்கம் தனி அறை வைத்திருக்கிறேன். அதில் ரிவோல்வரைத் தவிர ஒன்றும் இல்லை. சீப்புக்கு அங்கே இடமே கிடையாது, உன் கட்டளைப்படி. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து நதீஷாவிடம் போகிறேன். கை இப்போது யோசிக்காமல் போகிறது.

ஐறீன்

கொட்டாஞ்சேனை,
2025 ஜூன் 21

ஒஸ்வால்ட்,

நான் நன்றாக இருக்கிறேன். கன்னத்தில் ஒரு பிளாஸ்டர், அவ்வளவுதான். செய்தித் தளங்களில் பெயர் வந்துவிட்டது, உனக்கு யாராவது அனுப்புமுன் நானே சொல்ல வேண்டும்.

நேற்று நீதிமன்றத்திலிருந்து திரும்பி, ஜம்பட்டா வீதியில் ஓட்டோவை விட்டு இறங்கி எங்கள் ஒழுங்கைச் சந்துக்குள் நடந்தேன். பிற்பகல், நல்ல வெயில். களஞ்சியச் சுவர் ஓரமாக மோட்டார் சைக்கிள் ஒன்று இயங்கிக்கொண்டு நின்றது. பின்னால் இருந்தவன் இறங்கினான். தலைக்கவசக் கண்ணாடி மேலே இருந்தது. வெயில் என்றுதான் திறந்திருப்பான். அவன் கை ஜக்கெட்டுக்குள் போனபோது என் கையும் பைக்குப் போய்விட்டது.

அவன் முதலில் சுட்டான். எங்கள் கேட் தூணில் பட்டு, சீமெந்துச் சில்லு கன்னத்தைக் கீறியது. அவனுக்குப் பின்னால் களஞ்சியச் சுவர் மட்டும்தான் இருந்தது, ஆட்கள் இல்லை. அதைப் பார்த்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. நதீஷா அதைத்தான் எப்போதும் முதலில் கேட்பாள்: பின்னால் யார்? இரண்டு கையாலும் பிடித்து ஒரு தரம் சுட்டேன்.

அவன் விழவில்லை.

தம்பி, நீ எல்லாம் எழுதியிருந்தாய், டொக்டர் எல்லாம் சொன்னார், ஆனாலும் என் கண்கள் அவன் விழுவான் என்று காத்திருந்தன. நின்றான். தன் தோளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிள்ளை முகம், மீசைகூட ஒழுங்காக இல்லை. "அம்மே" என்றான். மோட்டார் சைக்கிள் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. அவன் திரும்பி ஓடினான். துப்பாக்கி இன்னும் கையில் இருந்தது. நான் அவன் முதுகுக்கு நேராகப் பிடித்தபடி நின்றேன். ஒழுங்கை முடியும்வரை பிடித்திருந்தேன். பிறகு இறக்கினேன்.

பக்கத்து வீட்டு லுத்பியா கதவைத் திறந்து என்னை இழுத்துக்கொண்டு போனார். "உள்ளுக்கு வாங்க மிஸ், இரிங்க, தண்ணி குடிங்க." அங்கிருந்தே பொலிஸுக்குப் போன் எடுத்தேன்.

அவன் பிரதான வீதி வரை ஓடி, ஒரு ஓட்டோவில் ஏறி, தானே வைத்தியசாலைக்குப் போயிருக்கிறான். அங்கே பிடித்தார்கள். பெயர் திலக்ஷன், வயது இருபத்துமூன்று. ரவை தோள் எலும்புக்குக் கீழே சதையால் போய் வெளியே வந்துவிட்டது. பிழைத்துவிடுவான் என்கிறார்கள். அதைக் கேட்ட பிறகுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

வாக்குமூலம் கொடுத்தேன். ரிவோல்வரை வழக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். வாசலில் பொலிஸ் காவல் போட்டிருக்கிறார்கள்.

போன் எடுத்துக்கொண்டே இருக்கிறாய், தெரியும். நாளைக்குப் பேசுவேன். இன்றைக்கு உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அதற்கு நேரமில்லை.

அக்கா

ஹூஸ்டன்,
2025 ஜூன் 21

அக்கா,

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். இதை நாலு தரம் வாசித்த பிறகுதான் மற்ற வரிகள் கண்ணுக்குத் தெரிந்தன.

இப்போது கோபம். ஏன் ஒன்று? உள்ளே இன்னும் நாலு இருந்தனவே! இங்கே படிப்பிக்கும் முதல் பாடம், நிற்கும்வரை சுடு என்பதுதான். கையில் துப்பாக்கியோடு ஓடியவன் மூலையில் திரும்பி நின்று சுட்டிருந்தால்? இரத்தம் இறங்கப் பதினைந்து விநாடி எடுக்கும் என்று நான்தானே எழுதினேன். அந்தப் பதினைந்து விநாடியையும் அவனுக்குக் கொடுத்துவிட்டு நின்றிருக்கிறீர்கள்.

38 போதவில்லை என்பது தெரிந்துவிட்டது. மணிக்கட்டுக்கு ஏற்றபடி இலேசாக இழுக்கக்கூடிய 9 எம்.எம்.கள் வந்துவிட்டன. நதீஷாவிடம் கேளுங்கள். தயவுசெய்து.

இந்த வழக்கை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றும் எழுதியிருந்தேன். அழித்துவிட்டேன். அழித்தேன் என்பதையாவது சொல்ல வேண்டும்.

ஒஸ்வால்ட்

கொட்டாஞ்சேனை,
2025 ஜூலை 20

அன்புள்ள ஒஸ்வால்ட்,

போனில் நீ அழுதாய், நான் அழுதேன், ஆனால் உன் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. எழுதிக் கேட்டாய், எழுதியே சொல்கிறேன்.

நிற்கும்வரை சுடு என்பது சரி. எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் நீ நிற்பதை விழுவதோடு போட்டுக் குழப்புகிறாய். அவன் என்னைக் கொல்ல வந்தான். சுட்டேன். முதுகைக் காட்டினான். அந்த நொடியில் அவன் நின்றுவிட்டான், காலிரண்டும் ஓடிக்கொண்டிருந்தாலும். அவன் திரும்பியிருந்தால் மீண்டும் சுட்டிருப்பேன், அதற்காகத்தான் இறக்காமல் பிடித்திருந்தேன். திரும்பவில்லை. ஓடுகிறவனின் முதுகில் இரண்டாவதைப் போட்டிருந்தால் சட்டத்தில் அதற்கு வேறு பெயர். நான் அந்தப் பெயருக்காக இருபத்தைந்து வருடமாக மற்றவர்களைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்டவள்.

நீயே எழுதினாய், நிறையப் பேர் நிற்பது மூன்றாவது வழியால் என்று. அவனுக்கும் அதுதான். அதனால் 38 போதவில்லை என்ற உன் வாதத்தை நிராகரிக்கிறேன். என்னுடையது வழக்கு முடியும்வரை திரும்பி வராது. தற்காலிகமாக வேறொன்று எடுக்க அனுமதி தந்தார்கள். அதே 38தான் எடுத்தேன்.

இனி டில்ஷானி. அவளுடைய சாட்சியத்துக்கு முதல் நாள் வீட்டுக்கு வந்தாள். என் கன்னத்துத் தழும்பைப் பார்த்தபடி, "மிஸ், நீங்க விலகினாலும் நான் கோவிக்க மாட்டன்" என்றாள். "நான் நாளைக்கு எட்டரைக்கு வருவன். நீங்களும் நேரத்துக்கு வாங்க" என்றேன்.

வந்தாள். வெள்ளைச் சட்டை, தலையை இழுத்துக் கட்டியிருந்தாள். எதிரியைக் காட்டச் சொன்னபோது முழுக்கையையும் நீட்டிக் காட்டினாள். குறுக்கு விசாரணை மதியத்துக்குப் பிறகும் இழுத்தது. மூத்த சட்டத்தரணிக்கு டொக்டரின் பதில் இடித்துக்கொண்டே இருந்தது. முடியும் என்றாலும், யார் செய்வார்கள் என்ற பக்கம் போனார்.

"இரண்டு ரவை பட்ட மனிதர் உதவி கேட்டு அலறுவார். வெளியே ஓடுவார். அப்படியே விழுவார். அவர் எதற்காகக் கதவைப் பூட்ட வேண்டும்?"

நீதிமன்றச் சிங்களத்தில் கேட்ட கேள்வியை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லி முடிக்குமுன்னமே அவள் பதில் சொல்லிவிட்டாள்.

"உள்ளுக்கு நாங்க இருந்தமே, சேர்."

அவர் மேசைத் தாள்களைச் சேர்த்து அடுக்கினார். பிறகு வழக்குக் கோப்பை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

ஐறீன்

ஹூஸ்டன்,
2025 ஓகஸ்ட் 3

அக்கா,

நேற்றுப் பயிற்சிக் கூடத்தில் இரண்டு கட்சிக்காரர்களையும் உட்கார வைத்து உங்கள் கடிதத்தை இங்கிலீஷில் சொன்னேன். ஒருவர் நான் எழுதியதுதான் சரி என்றார், இன்னொருவர் நீங்கள் செய்தது பைத்தியக்காரத்தனம் என்றார். வியட்நாமுக்குப் போய்வந்த கிழவர் ஒருவர் இருக்கிறார், வழக்கமாக வாயே திறக்கமாட்டார். அவர் மட்டும், "உன் அக்கா நித்திரை கொள்கிறாரா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "கேள்" என்றார்.

கேட்கிறேன். நித்திரை வருகிறதா?

டிசம்பருக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். என்னைக் கூட்டிப்போக விமான நிலையத்துக்கு வர வேண்டாம், நானே வருவேன்.

ஒஸ்வால்ட்

கொட்டாஞ்சேனை,
2025 நவம்பர் 23

அன்புள்ள ஒஸ்வால்ட்,

நித்திரை முதல் மாதம் வரவில்லை. இப்போது வருகிறது. அந்தக் கிழவருக்கு என் நன்றியைச் சொல்.

தீர்ப்பு போன வாரம் வந்தது. குற்றவாளி. டில்ஷானியின் சாட்சியம் "இயல்பானதும் அசைக்கப்படாததும்" என்று நீதிபதி வாசித்தார். மேன்முறையீடு செய்வார்கள், செய்யட்டும், அங்கேயும் நான் இருப்பேன். அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நேராக ரொனி இருக்கும் பொரளை கனத்தை மயானத்துக்குப் போனாள். நான் போகவில்லை. அது அவர்களுடையது.

திலக்ஷனின் வழக்கில் நான் சாட்சி. வெள்ளிக்கிழமை நீதிவான் முன்னிலையில் கூண்டில் ஏறினேன். அவனுடைய சட்டத்தரணி என்னிடம் ஜூனியராக இருந்த பையன்தான். மரியாதையாகவே கேட்டான்.

"நீங்கள் சுட்டபோது எதிரி விழுந்தாரா?"

"இல்லை."

"அப்படியென்றால் உங்கள் நோக்கம் நிறைவேறவில்லை என்று சொல்லலாமா?"

"சொல்ல முடியாது. அவர் போய்விட வேண்டும் என்பதுதான் என் நோக்கம். போனார்."

திலக்ஷன் இடது கையை மடியில் வைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை அனுப்பியவர்கள் யார் என்று இன்னும் வாய் திறக்கவில்லை. திறப்பான் என்று நினைக்கிறேன். மோட்டார் சைக்கிள்காரன் விட்டுவிட்டுப் போனதை அவன் மறந்திருக்க மாட்டான்.

வெள்ளிக்கிழமை காலை, வழக்குக் கூப்பிடுமுன், தாழ்வாரத்தில் நடந்தது இது. அங்கே உட்கார ஒரே ஒரு மர வாங்கு. நான் அதில் உட்கார்ந்து பையையும் பக்கத்தில் வைத்திருந்தேன். ஒரு பெண் வந்து எதிர்ச்சுவரோடு நின்றாள். கையில் சோற்றுப் பார்சல், மகனுக்காக இருக்க வேண்டும். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, திலக்ஷனின் அதே கண். நான் யார் என்று அவளுக்கும் தெரியும். கோபமாகப் பார்க்கவில்லை, கும்பிடவும் இல்லை. நிற்க முடியாமல் ஒரு காலை மாற்றி மற்றக் காலில் நின்றாள்.

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் வாங்கைப் பார்த்தாள். பிறகு வந்து, வாங்கின் மற்ற நுனியில் உட்கார்ந்தாள். வழக்கைக் கூப்பிடும்வரை நாங்கள் இருவரும் அப்படியே இருந்தோம்.

அக்கா,
ஐறீன்